மோட்டார் கொட்டகைச் சாவி

ராஜகோபால் அந்தச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டபோது பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அதில் ஒன்றும் தவறாகத் தெரிந்திருக்காது. கிணறு அவருக்கும் பிரபுதாஸுக்கும் பொது. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. முறைக்காரர் வருவார், கிணற்று மேட்டு வேப்பமரத்தில் தொங்கும் சாவியை எடுப்பார், மோட்டாரைப் போடுவார். மும்முனை மின்சாரம் நின்றதும் கொட்டகையைப் பூட்டிச் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். இருவருடைய அப்பாக்கள் ஆயில் இன்ஜின் வைத்திருந்த காலத்திலேயே ஏற்பட்ட வழக்கம் அது. நடுவில் வரப்புத் தகராறு வந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன வருடங்கள்கூட உண்டு. அப்போதும் சாவி ஆணிக்குத் திரும்பாமல் இருந்ததில்லை.

அன்று திரும்பவில்லை. மறுநாள் பிரபுதாஸின் முறை.

மேல்கண்டிகைக்கு சோலார் கம்பெனி வந்தது தை மாதத்தில். ஆர்.கே. பேட்டை சாலையிலிருந்து கரடு என்கிற மொட்டைக் குன்று வரைக்கும் உள்ள நிலம் முழுவதையும் குத்தகைக்குக் கேட்டார்கள். கரட்டில் பெய்கிற மழை அந்த நிலங்களின் நடுவே ஓடும் வாய்க்கால் வழியாகத்தான் ஏரிக்கு வந்து சேர வேண்டும். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் ஊர்க் கிணறுகள் ஊறும். இதை ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பசித்தால் சாப்பிட வேண்டும் என்பதைப் போல எல்லோருக்கும் தெரியும்.

கங்கையம்மன் கோயில் எதிரே சாமியானா போட்டுக் கூட்டம் நடந்தது. கம்பெனி சார்பில் பேசியவள் சுஜாதா. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிப் பக்கத்துப் பெண். தமிழ்க்காரர்களிடம் தமிழிலும் தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கிலும் பேசினாள். வயதானவர்களை நைனா என்று கூப்பிட்டாள். எல்லோருக்கும் பிடித்த மாதிரி ஒருத்தி பேசினால் அவள் பேச்சில் ஏதோ இருக்கிறது என்று ராஜகோபாலுக்கு அப்போதே உறுத்தியது.

"கரிப்புகையைக் கொறைக்கணும்னு நம்ம நாடே ஒரு இலக்கு வெச்சிருக்கு சார். உலகத்துக்கு முன்னாடி வாக்கு குடுத்திருக்கோம். அதுல உங்க ஊருக்கும் ஒரு பங்கு இருக்கணும்னுதான் வந்திருக்கோம்" என்றாள்.

டீக்கடை சுப்பன் எழுந்தார். "எங்க ஊர்ல இன்னாம்மா புகை? சாயங்காலமானா கொசுவுக்கு வேப்பந்தழை மூட்டுறோம். வேணும்னா அத்த நிறுத்திக்கிறோம்."

கூட்டம் சிரித்தது. சுஜாதாவும் சேர்ந்து சிரித்தாள். அதுவும் ராஜகோபாலுக்குப் பிடிக்கவில்லை.

"வாக்கு குடுத்தவங்க எங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார் அவர். "போவட்டும். உங்க மேப்புல வாய்க்கால் எங்க கீது, காட்டுங்க பாக்கலாம்."

சுஜாதா மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் நீலநிறக் கட்டங்கள்தான் இருந்தன. கூட வந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டாள். "அதெல்லாம் அடுத்த கட்டத்துல வரும் சார்" என்றாள் நிமிர்ந்து.

அப்போதுதான் பிரபுதாஸ் எழுந்து பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம். "கோபாலு, சூரியக் கரண்டுல தப்பு இல்லப்பா. சர்ச் மேல பலகை போட்டோமே, பில்லு பாதியா கொறைஞ்சிடுச்சு. நல்ல சமாச்சாரந்தான். ஆனா இடம் தப்பு. வாய்க்கால் பூமியில வேணாம். கரட்டுக்கு அந்தாண்ட கல்லாங்குத்து சும்மா கீது, அங்க போடட்டும்."

நல்ல சமாச்சாரந்தான் என்பது மட்டும் ஊர்க்காரர்களுடைய காதில் விழுந்தது. மிச்சம் சாமியானாவுக்கு வெளியே போய்விட்டது.

பங்குனியில் கற்பூரம் அடித்தார்கள். அந்த யோசனையைச் சொன்னது சுப்பன், தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது ராஜகோபால். மேப்பில் நிலம் அடிபட்ட அத்தனை பேரும் தலைக்குக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கங்கையம்மன் முன்னால் வந்து நின்றார்கள். தட்டில் கற்பூரம் எரியும். வந்தவர் கையை ஓங்கி அதை அடித்து அணைப்பார். கம்பெனிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்பார். அடுத்தவருக்கு வேறு கற்பூரம். அப்படி அடித்த கையால் பிறகு ஒருவன் கையெழுத்துப் போடுவான் என்று மேல்கண்டிகையில் யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அம்மன் சும்மா விடமாட்டாள்.

பிரபுதாஸும் வந்திருந்தார். கோயில் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். "நாங்க இப்பிடி சத்தியம் பண்றதில்ல. உனக்கே தெரியும் கோபாலு" என்றார். "ஆனா நான் போட மாட்டேன். சொல்றேன், அவ்வளவுதான்."

"இவருக்கு மட்டும் ஓசி சத்தியம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்புச் சத்தம். ராஜகோபால் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்தவர்களை அடக்கவும் இல்லை.

சிரிப்பு ஓய்வதற்குள் ராஜகோபாலின் அக்கா சின்னம்மாளின் கணவர் கண்ணையன் கையில் சாக்லேட் டப்பாவோடு படியேறி வந்தார். பேரன் பிறந்த சந்தோஷம் முகமெல்லாம் வழிந்தது. "பாவா, பாவா, கிட்ட வராதீங்க" என்று ராஜகோபால் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "தீட்டு வெச்சிகினு எங்க வர்றீங்க? எட்டி நில்லுங்க, உங்களுது அப்பறம் பாத்துக்கலாம்." கண்ணையன் நாக்கைக் கடித்துக்கொண்டு படியிறங்கினார். தெருவில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தார். எல்லாம் முடிந்து தெருவுக்கு வந்த ராஜகோபாலும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

ஆனி மாதம் ஒரு நாள் காலையில் சுஜாதாவின் வெள்ளைக் கார் சுப்பன் கடை முன்னால் வந்து நின்றது. அவள் இறங்கி டீ சொன்னாள். பெஞ்சியில் இருந்தவர்கள் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவள் நின்றுகொண்டே குடித்தாள்.

"இன்னாம்மா, இன்னும் இந்த ஊர விடலியா?" என்றார் ராஜகோபால்.

"எப்பிடி சார் விடறது? உங்க ஊர்லயே ஒருத்தர் கையெழுத்து போட்டுட்டாரே."

ராஜகோபால் பெஞ்சியைவிட்டு எழுந்தார்.

"யாரு?"

"அத நான் சொல்லக் கூடாது சார். மிஷின் வருது, மண்ணுல கம்பம் அடிச்சுப் பாக்கணும். அப்ப நீங்களே பாத்துக்குங்க." டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பொய் சொல்லிவிட்டுப் போகிறாளோ, ஊரை உடைப்பதற்காக ஒரு கல்லை எறிந்துவிட்டுப் போகிறாளோ என்று ராஜகோபால் நினைத்தார். ஆனால் அந்த நினைப்பு அவர் மனதில் நிற்கவில்லை. கல் விழுந்த இடத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"கற்பூரம் அடிச்சவன் எவனும் போடமாட்டான்" என்றார் சுப்பன். "அப்ப அடிக்காதவன் யாரு?"

யாரும் பெயர் சொல்லவில்லை. வேண்டியிருக்கவில்லை. பிரபுதாஸின் மகள் ஜெமிமா சென்னையில் வேலை பார்க்கிறாள், தினமும் ரயிலில் போய் வருகிறாள். மழை பெய்த ஒரு சாயங்காலம் திருத்தணி ஸ்டேஷனிலிருந்து இந்த வெள்ளைக் காரில்தான் வந்து இறங்கினாள் என்று ஒருவர் சொன்னார். சர்ச் மேல் பலகை போட்டுக்கொடுத்ததும் இதே கம்பெனிதானோ என்றார் இன்னொருவர். அது வேறு கம்பெனி என்பது ராஜகோபாலுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை.

பெஞ்சியின் கடைசியில் கண்ணையன் உட்கார்ந்திருந்தார். "பாவா, நீங்க இன்னா சொல்றீங்க?" என்று ராஜகோபால் கேட்டார்.

"நான் இன்னாத்த சொல்றது" என்றார் கண்ணையன், டம்ளருக்குள் பார்த்தபடி.

கூடவே வளர்ந்த ஒருவன் இப்படிச் செய்துவிட்டானே என்ற வருத்தம் என்றுதான் ராஜகோபால் அதை எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம்தான் சாவியை எடுத்தார்.

மறுநாள் காலையில் அவர் தன் கரும்புக்குள் நின்று பார்த்தார். பிரபுதாஸ் வந்தார். ஆணியைப் பார்த்தார். மரத்தின் பட்டையைக் கையால் தடவினார். பிறகு குனிந்து மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பழுப்பு இலைகளைக் காலால் விலக்கித் தேடினார். நிமிர்ந்து பூட்டைப் பார்த்தார். வெகு நேரம் அப்படியே நின்றார். கடைசியில் கரும்புப் பக்கம் திரும்பினார். தன்னை அவர் பார்த்துவிட்டாரா இல்லையா என்று ராஜகோபாலுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கூப்பிட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். சண்டை போட்டிருந்தால் இன்னும் சுலபம். பிரபுதாஸ் கூப்பிடவில்லை. நடந்து போய்விட்டார்.

அவர் சாமந்தி நாற்று நட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வருஷா வருஷம் திருத்தணி மலையடிவாரத்து மாலைக்கடைகளுக்குப் போகிற பூ அது. வெயில் கொளுத்தியது. நாற்று தலையைத் தொங்கப்போட்டது. பிரபுதாஸும் அவர் மனைவி ஜெபகுமாரியும் தெருக் குழாயில் குடம் பிடித்துச் சுமந்து வந்து ஒவ்வொரு நாற்றாக ஊற்றினார்கள். அந்த வழியாகப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது என்பது ராஜகோபாலுக்கு ஒரு விதத்தில் தைரியமாக இருந்தது. ஆனாலும் தெருக் குழாய்ப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

"சாவி உங்க கிட்டயா கீது?" என்று அவர் மனைவி வசந்தி சோறு போடும்போது கேட்டாள்.

"ஆங்."

"அவர ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா சொல்லிடுவானா?"

"கேக்காம இருந்தா மட்டும் தெரிஞ்சிடுமா?"

அவள் குழம்பு ஊற்றாமல் கரண்டியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஊற்றினாள். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சு இல்லாததுதான் அவரைத் தூங்கவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தவன், அப்பா செத்தபோது சுடுகாடு வரைக்கும் வந்தவன். அவன் போட மாட்டேன் என்றானே. போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போடுகிறவன்தான் உலகத்தில் அதிகம். கற்பூரத்துக்கு இருக்கிற பயம் வெறும் பேச்சுக்கு எங்கே இருக்கிறது? இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது மனது. ஒவ்வொரு சுற்றிலும் பிரபுதாஸ் இன்னும் கொஞ்சம் பெரிய திருடனாகிக்கொண்டே போனார்.

மிஷின் வருகிறது என்று தகவல் வந்த காலையில் ஊர் ஆண்கள் எல்லோரும் பிரபுதாஸ் நிலத்துக்குப் போகிற தடத்தில் குறுக்கே உட்கார்ந்தார்கள். சுப்பன் கடையை மூடிவிட்டுக் கேனில் டீ கொண்டுவந்திருந்தார். கண்ணையனை மட்டும் காணவில்லை. பேரனுக்குத் தடுப்பூசி போடப் போயிருப்பார் என்று ராஜகோபால் நினைத்தார். பிரபுதாஸ் தன் நிலத்தில் குடத்தோடு நின்றிருந்தார். ஊரே வந்து தன் வாசலை அடைத்து உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த நாற்றுக்கு நகர்ந்தார்.

"கல்லுளிமங்கனாட்டம் நிக்கிறான் பாரு" என்றார் சுப்பன்.

லாரி வந்தது. மேலே மஞ்சள் நிற மிஷின், பின்னால் வெள்ளைக் கார். எல்லோரும் எழுந்து கைகோத்துக்கொண்டார்கள். லாரி வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவர்களைத் தாண்டிப் போய், புளியமரத்தருகே வண்டிப்பாதையில் திரும்பியது.

"வழி தெரியாம போறானா?" என்றார் சுப்பன்.

அந்தப் பாதை ஒரே நிலத்துக்குத்தான் போகும். அது எல்லோருக்கும் தெரியும். கோத்த கைகளை யார் முதலில் விட்டார்கள் என்று தெரியவில்லை.

ராஜகோபால் போய்ச் சேர்ந்தபோது கண்ணையன் தன் வரப்பில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சின்னம்மாள் போர்வெல் கொட்டகை நிழலில் தம்பியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாவா."

"வா."

"நீங்களா?"

"நான்தான்." கண்ணையன் கண்ணைத் தாழ்த்தவில்லை. "மூணு போர் போட்டேன், மூணும் புழுதி. பெரியவன் அரக்கோணத்த விட்டு வரமாட்டான், சின்னவன் வந்தாலும் சேத்துல கால வைக்கமாட்டான். இந்த நெலத்த இன்னா பண்ணச் சொல்றே?"

"சத்தியம் பண்ணோமே பாவா."

"நீங்க பண்ணீங்க."

தட்டைப் பின்னால் இழுத்தது, எட்டி நில்லுங்க என்றது, வாயில் கரைந்த சாக்லேட்டின் இனிப்பு எல்லாம் ராஜகோபாலுக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"தீட்டு கழிச்ச அன்னிக்கி நீ வருவேன்னு பாத்தேன்" என்றார் கண்ணையன், இப்போது மெதுவாக. "தட்ட எடுத்துகினு வருவ, அடிங்க பாவான்னு சொல்லுவ. வந்திருந்தா அடிச்சிருப்பேன். அடிச்சிருந்தா என் கை போட்டிருக்காது. மறுநாளும் பாத்தேன். நீ வரல. அந்தப் பொண்ணு வந்திச்சி."

"கடையில கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"பிரபு இல்ல, நான்தான்னு அத்தினி பேர் நடுவுல எப்பிடிடா சொல்லுவேன்?"

மிஷின் இறங்கி முதல் கம்பத்தை மண்ணில் அடிக்கத் தொடங்கியது. அடி விழும்போதெல்லாம் உள்ளங்காலில் அதிர்ந்தது. கூட வந்தவர்கள் வரப்பின் இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். உறவுக்காரர் நிலத்தில் குறுக்கே போய் எப்படி உட்காருவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

சுஜாதா ராஜகோபால் பக்கத்தில் வந்து நின்றாள். "இவரோடது மட்டும் இருந்தா எங்களுக்குப் பத்தாது சார்" என்றாள். "வண்டிப்பாதையில மிஷின் வரும், டிரான்ஸ்பார்மர் வராது. ரோட்டுக்குப் போக நடுவுல இருக்கற நிலம் வேணும். அது கெடைக்கலன்னா இந்தப் பக்கமே வேணாம்னு மேல சொல்லிடுவாங்க."

"யாரோடது?" தெரிந்தேதான் கேட்டார்.

"பிரபுதாஸ் சாரோடது. இதுவரைக்கும் எங்கள உள்ளயே விடல அவரு. பொண்ண ஒரு நாள் மழையில வீட்ல எறக்கிவிட்டேன், அதுக்கே என்ன வாசல்ல நிக்க வெச்சு, இனிமே அவள வண்டியில ஏத்தாதீங்கம்மான்னு சொல்லி அனுப்பிட்டாரு." அவள் சாமந்தி நிலத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு திரும்பப் போய்க் கேட்டுப் பாக்கறேன். இப்ப கொஞ்சம் மனசு மாறியிருப்பார்னு தோணுது."

குடம் சுமந்ததை அவளும் பார்த்திருக்கிறாள்.

ராஜகோபால் கிணற்று மேட்டுக்கு நடந்தார். போய்ச் சேர்ந்து பூட்டைத் திறந்து மோட்டாரைப் போட்டார். அது யார் முறை என்று அவர் யோசிக்கவில்லை. தொட்டி நிரம்பிக் கால்வாயில் தண்ணீர் இறங்கியதும் மண்வெட்டியால் தன் பக்கத்து மடையை அடைத்து, பிரபுதாஸ் பக்கத்து மடையை வெட்டிவிட்டார்.

மோட்டார் சத்தம் கேட்டு பிரபுதாஸ் குடத்தை இறக்கி வைத்தார். வருவதற்குக் கொஞ்ச நேரமானது. வந்து, கால்வாயின் அந்தக் கரையில் நின்றுகொண்டார். இடையில் தண்ணீர் ஓடியது. நாற்றுகளில் பாதி கருகிப்போயிருந்தன, இங்கிருந்தே தெரிந்தது.

"சாவி கீழ விழுந்திருக்கும்னு தேடினேன்" என்றார் பிரபுதாஸ். "மொத நாளு."

ராஜகோபால் மண்வெட்டியின் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பறம் தேடல."

சாவி ராஜகோபால் கையில்தான் இருந்தது. நீட்டினார். பிரபுதாஸ் அதைப் பார்த்தார், வாங்கவில்லை. ராஜகோபால் போய் அதை ஆணியில் மாட்டிவிட்டு வந்து பழைய இடத்தில் நின்றார். கேட்க வேண்டியது ஒன்றுதான், கையெழுத்துப் போடாமல் இருப்பாயா என்று. ஊரும் ஏரியும் அவருடைய கிணறும் அந்த ஒன்றில்தான் இருந்தன. போன வாரம் வரைக்கும் அதைக் கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது. அப்போது கேட்கவில்லை.

"அந்தம்மா உன் கிட்ட வரும்" என்றார்.

"வரட்டும்."

"நீ இன்னா..."

"அன்னிக்கே சொன்னேனே கோபாலு. நீதான தட்டப் புடிச்சிகினு நின்னே."

வெள்ளைக் கார் தடத்தில் வந்து நிலத்தின் முனையில் நின்றது. சுஜாதா இறங்கிக் கைகூப்பினாள். பிரபுதாஸ் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வரப்பின்மேல் நடந்து போனார். இருவரும் கார் நிழலில் நின்று பேசத் தொடங்கினார்கள். அவள் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள், கரட்டை, சாலையை, வாடிய நாற்றை. பிரபுதாஸ் தலையசைத்தார். எதற்கு அசைத்தார் என்று தெரியவில்லை. ஆமாம் என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் இருக்கலாம்.

மோட்டார் இரைச்சலில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. நிறுத்தினால் விழும். காற்று இந்தப் பக்கம்தான் அடித்தது. ராஜகோபால் கொட்டகைக்குள் போனார். சுவிட்சின்மேல் கையை வைத்தார். தண்ணீர் இன்னும் சாமந்தியின் முதல் பாத்தியைக்கூடத் தாண்டியிருக்காது.

கையை எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, காருக்கு முதுகைக் காட்டி, கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். பின்னால் கார்க் கதவு திறக்கிற சத்தமா, மூடுகிற சத்தமா என்று தெரியாத ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.